ஆடிப்பட்டத்துக்கு எந்த விதை? மாடித்தோட்டத்துக்கான காய், கீரை, மூலிகை, பூ ரகங்கள்: ஓர் ஒப்பீடு

ஆனி பாதி தாண்டிவிட்டால் மாடித்தோட்டம் வைத்திருக்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நாட்டு விதை வாங்கலாமா, ஹைப்ரிட் வாங்கலாமா? அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். இந்தச் செடிக்கு ஒரு வளர்ப்புப் பையைக் கொடுத்தால் எத்தனை மாதம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், பதிலுக்கு என்ன தரும், அதே காய் கடையில் நல்லதாகக் கிடைக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை, முப்பது நாற்பது பைகளோடு மொட்டைமாடியில் நிற்கிறவருக்கு இதுதான் எல்லாமே. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடையில் வாங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பறித்து அரை மணி நேரத்தில் குழம்பில் விழுகிற பிஞ்சு அவரையையோ, மருந்து அடிக்காத கொத்தமல்லியையோ காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பைகளை நான் இந்த இரண்டாவது வகைக்குத்தான் ஒதுக்குவேன்.

நாட்டா ஹைப்ரிடா என்பதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஹைப்ரிட் என்றாலே மரபணு மாற்றிய விதை என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. இரண்டு வேறு வேறு தாய் தந்தைச் செடிகளைக் கைமகரந்தச் சேர்க்கை செய்து எடுக்கிற முதல் தலைமுறை விதைதான் ஹைப்ரிட். மரபணு மாற்றிய பிடி (Bt) கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தடை போட்டது, அதற்கு இந்தியாவில் சாகுபடி அனுமதி கிடைக்கவே இல்லை. ஹைப்ரிடில் உண்மையான சிக்கல் வேறு. அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் ஒன்று காய்க்காமலும் கலைந்துபோகும், அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று இருப்பதைப் பலர் மறந்தே போகிறார்கள். பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் தேர்வு செய்து வெளியிட்ட ரகங்கள் அவை, கோ 2, பி.கே.எம் 1, அர்கா அனாமிகா மாதிரி. பெரும்பாலும் இவற்றில் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், விலையும் குறைவு, குணமும் முன்கூட்டியே தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான்.

தக்காளி

தக்காளியில் மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள்: பி.கே.எம் 1, அர்கா ரக்‌ஷக், செர்ரி தக்காளி.

பி.கே.எம் 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் ரகம், தேனி பக்கத்து அன்னஞ்சி வட்டாரத் தக்காளியிலிருந்து உருவாக்கியது. பழம் தட்டையாக உருண்டு, காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு இருக்கும், புளிப்பு தூக்கலாக இருக்கும். ரசத்துக்கு இதை விட்டால் வேறு தக்காளியே வேண்டாம் என்பேன். வெயிலைத் தாங்கும், தண்ணீர் ஒருநாள் பிந்தினாலும் வாடி விழாது. செடி இரண்டடி, இரண்டரை அடியில் நின்றுவிடுவதால் ஒற்றைக் குச்சி நட்டுக் கட்டினால் போதும். ஆனால் அப்படி நின்றுவிடுகிற செடிக்கு உள்ள குணம் இதற்கும் உண்டு, கொத்தாகப் பூத்து, கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குள் மொத்தத்தையும் காய்த்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துபோகும். ஆறு செடியை ஒரே நாளில் நட்டால் ஒரு மாதம் தக்காளி வழியும், அடுத்த மாதம் கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டு இரண்டாக, இருபது நாள் இடைவெளியில் நாற்று விடுவதுதான் இதற்கு வழி.

அர்கா ரக்‌ஷக் பெங்களூரு ஹேசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ஹைப்ரிட். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குகிற மாதிரி உருவாக்கியது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் மாடியில் வருடா வருடம் வருகிறது என்றால், நாட்டு விதை மேல் எவ்வளவு பற்று இருந்தாலும், நான் இதைத்தான் சொல்வேன். வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருட்டு ஒருமுறை தொற்றினால் எந்தக் கரைசலும் அந்தச் செடியைத் திருப்பித் தராது. பழம் கெட்டி, தோல் தடிமன், பறித்து வெளியில் வைத்தாலும் பல நாள் தாங்கும். சட்னிக்கு அருமை. ரசத்துக்குப் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். செடிக்குத் தீனி நிறைய வேண்டும், முட்டுக் குச்சியும் நன்றாகக் கட்ட வேண்டும், பதினைந்து அங்குலப் பைக்குக் குறைந்து வைக்காதீர்கள்.

செர்ரி தக்காளி குழம்புக்கு ஆகாது என்று ஒதுக்குகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒதுக்கவே கூடாது. கொடி மாதிரி ஏறிக்கொண்டே போகும், மாதக்கணக்கில் காய்க்கும், நோய்க்கும் அவ்வளவு சீக்கிரம் மசியாது, பழம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்வதே இல்லை, மாடியிலேயே தீர்ந்துவிடும். சில செர்ரி ரகங்கள் ஹைப்ரிட், சிலவற்றில் விதை எடுக்கலாம், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒன்று என்றால் என் தேர்வு பி.கே.எம் 1. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவாகிவிடும், அதனால் பக்கத்தில் வேறு தக்காளி இருந்தாலும் விதை அநேகமாகக் கலப்படமாகாது. நன்றாகப் பழுத்த ஒன்றிரண்டு பழத்தைப் பிழிந்து, இரண்டு நாள் புளிக்க வைத்து, வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் காயப் போட்டால் அடுத்த வருட விதைக்குக் கடைக்குப் போகவே வேண்டாம்.

கத்தரி, வெண்டை, மிளகாய்

கத்தரியில் நான் தயங்காமல் நாட்டுப் பக்கம் நிற்கிறேன். காரணம் ருசி மட்டும் இல்லை. நல்ல நாட்டுக் கத்தரி ஒன்றை, முதல் காய்ப்பு ஓய்ந்ததும் அடியிலிருந்து அரை அடி, முக்கால் அடி விட்டு வெட்டிக் கவாத்து செய்து, மேல்மண்ணைக் கிளறித் தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போட்டால் மறுபடி தளிர்த்துக் காய்க்கும். வருடம் தாண்டியும் ஒரே செடியை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பையும் மண்ணும் நாற்று வளர்க்கிற காலமும் மிச்சம். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன் விதைக்கு நல்ல கிராக்கி. வளர்த்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் குறியீடு அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுத்தது, அதே ருசி தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையிலும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கிளை, இலை, காம்பு என்று எங்கும் முள் இருக்கும், சின்னப் பிள்ளைகள் ஓடுகிற மாடியில் யோசித்து வையுங்கள். வாடல் நோயும் வேரழுகலும் தொடர்ந்து வருகிற இடமாக இருந்தால் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டிய கத்தரி நாற்று வாங்கலாம், விலை கூடுதல்தான், ஆனால் சுண்டை வேருக்கு வாடல் நோயும் வேரைத் தாக்கும் நூற்புழுவும் அவ்வளவு எளிதில் எட்டாது. தண்டு, காய்த் துளைப்பான் மட்டும் எந்த ரகத்தையும் விடாது. வாடித் தொங்குகிற நுனித்தண்டைப் பார்த்த அன்றைக்கே கிள்ளி மாடியை விட்டு வெளியே போட வேண்டும். ரகத்தை மாற்றினால் இது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெண்டைக்கு எண்ணிக்கைதான் முக்கியம். ஒரு செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் தரும், நாலு பேருக்கு ஒரு பொரியல் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு செடி ஒரே நேரத்தில் காய்ப்பில் இருக்க வேண்டும். பைகளை எண்ணி வைத்திருக்கிறவருக்கு இது பெரிய இடம். இங்கேதான் பலகிளை விடுகிற நாட்டு வெண்டைகள் கை கொடுக்கும், யானைத்தந்த வெண்டை, மலை வெண்டை என்று விதைத் திருவிழாக்களில் கிடைப்பவை. ஒரு பெரிய பையில் ஒரே செடி நாலைந்து கிளை விட்டுக் காய்க்கும், காய் நீண்டாலும் சட்டென்று முற்றாது. முதல் காய்க்கு மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அர்கா அனாமிகா நாற்பத்தைந்து ஐம்பது நாளில் காய்க்கு வந்துவிடும், காய் நல்ல பச்சையாக, சுணையில்லாமல் இருக்கும். வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் என்று வெளியிட்ட ரகம்தான், ஆனால் அந்தத் தாங்கும் சக்தி இப்போது பல இடங்களில் பழையபடி நிற்பதில்லை. கோடையில் விதைக்கும் எந்த வெண்டையிலும் வெள்ளை ஈயைக் கவனித்தே ஆக வேண்டும். அவசரமாகக் காய் வேண்டுமென்றால் அனாமிகா, இடம் குறைவு என்றால் பலகிளை வெண்டை.

மிளகாய் சட்டென்று முடிகிற முடிவு. பச்சை மிளகாய் வீட்டுக்கு மூன்று செடி போதும், அதில் ஒன்று காந்தாரி மிளகாயாக இருக்கட்டும். இலைப்பேன் சுருட்டினாலும் மீண்டுவரும், சில வருடங்கள் நிற்கும், கொஞ்சம் நிழலிலும் காய்க்கும். முண்டு மிளகாய் ராமநாதபுரத்துக் கரிசலில் மானாவாரியாக விளைகிற பயிர், வற்றலுக்கு உரியது. நாலு பையில் போட்டு வற்றல் எடுக்க நினைப்பது இடத்துக்குக் கட்டுப்படியாகாது, கடையில் நல்ல வற்றலே வாங்கிக்கொள்ளலாம்.

அவரையில் மட்டும் பட்டம் தப்பக் கூடாது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் ஏமாறுகிற பயிர் இதுதான். மாசியில் கொடி அவரை விதைத்துவிட்டு, பந்தல் முழுக்க இலை மூடியும் ஒரு பூ இல்லையே என்று பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் மாற்றி மாற்றித் தெளிப்பார்கள். செடியில் ஒரு குறையும் இல்லை. நம் பாரம்பரியக் கொடி அவரைகள் பகல் பொழுது குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் புரட்டாசி வரை கொடி ஏறும், ஐப்பசி கார்த்திகையில் பூ எடுக்கும், மார்கழி தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மாசியில் விதைத்தால் அதே ஐப்பசிக்குத்தான் அதுவும் பூக்கும், நடுவில் இருக்கிற எட்டு மாதமும் நீங்கள் இலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொன்னவர்கள் இதையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

செடி அவரை அப்படி இல்லை. பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கிற மாதிரி தேர்வு செய்த ரகங்கள் அவை, எப்போது விதைத்தாலும் இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம், பந்தல் வேண்டாம், பன்னிரண்டு அங்குலப் பையே போதும். ஆனால் ஒரு செடி தருவது ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி. ஒரு கூட்டுக்கு எட்டுச் செடியாவது வேண்டும். கொடி அவரை ஒன்றே ஒன்று நன்றாகப் பந்தலேறிவிட்டால், மார்கழியில் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் காய்க்கும். ருசியிலும் கொடிதான் மேல், அந்த வாசனை செடி அவரையில் இல்லை. அசுவினிப் பூச்சி மட்டும் பனிக்காலத்தில் பூங்கொத்தில் கருப்பாக அப்பிக்கொள்ளும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியும் வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளித்தும் விடாமல் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆடி ஆவணியில் விதைக்க முடிகிறவர் கொடி அவரை போடட்டும், அந்தப் பட்டத்தைத் தவறவிட்டவர் தையில் செடி அவரை போடட்டும். கோடை உச்சத்தில் இரண்டுமே வேண்டாம், கொத்தவரை போடுங்கள். பூசா நவ்பகார் கிளை விடாமல் நேராக ஒற்றைத் தண்டாக வளர்ந்து அடியிலிருந்து நுனிவரை காய்க்கிற ரகம், சின்னப் பையில் நெருக்கியும் வைக்கலாம், அக்னி நட்சத்திர வெயிலுக்கும் அசையாது. சிறகவரையும் பகல் குறைகிற காலத்தில் பூக்கிறதுதான், அதையும் ஆடிக் கணக்கில் சேருங்கள். மூக்குத்தி அவரை பெயரில்தான் அவரை, உண்மையில் சர்க்கரைவள்ளிக் குடும்பம். காம்பு தடித்த பிஞ்சைப் பொரியல் செய்வார்கள், ஆசைக்கு ஒரு பை வைக்கலாம்.

கொடிக்காய்கள்: நீங்கள் மாடிக்குப் போகிற நேரம் எது?

பாகல், புடல், பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டியாக ஒரு காய் உட்கார்ந்திருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். நகரத்து மூன்றாவது மாடிக்குத் தேனீ எப்போதும் வருவதில்லை, அதனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதென்றால் நாமே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். இங்கேதான் ரகத்தைவிடப் பயிரைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது. பாகலும் வெள்ளரியும் பூசணியும் காலையில் மலரும். பீர்க்கு சாயங்காலம் வெயில் இறங்கியதும் மலரும். சுரைக்காயின் வெள்ளைப் பூ பொழுது சாயும் நேரத்தில் விரியும், மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும். புடலும் இருட்டுக்குத்தான், அந்தப் பூவின் இழை இழையான விளிம்பு விரிந்து நிற்பதைப் பார்க்க டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும், பிடித்த பிஞ்சு இரண்டு மூன்று நாளிலேயே பருக்கத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும்.

காலையில் காபியோடு மாடிக்குப் போகிற பழக்கம் உள்ளவருக்குப் பாகல். வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறவருக்குச் சுரை, பீர்க்கு. இரண்டுக்கும் நேரம் இல்லாதவருக்குக் கோவைக்காய். தண்டை ஒடித்து நட்டால் வரும், மகரந்தச் சேர்க்கை பார்க்க வேண்டாம், ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் காய்க்கும். அதற்கு நாட்டு, ஹைப்ரிட் என்ற பேச்சே கிடையாது, நன்றாகக் காய்க்கிற கொடியிலிருந்து தண்டு வாங்கினால் அதே காய்தான் வரும்.

பாகலில் நீளப் பாகலா மிதி பாகலா என்று கேட்டால் மாடிக்கு மிதி பாகல்தான். காய் சின்னது, கொடி மெலிது, எண்ணிக்கை அதிகம், வறுவலுக்கு விதையோடு அப்படியே போடலாம். புடலில் கோ 2 மாதிரிக் குட்டைப் புடல் ஓரடி நீளத்தில் நின்றுவிடும், ஆறடிப் பந்தலுக்கு அதுவே சரி. நீளப் புடல் வைத்துவிட்டு அது சுருளாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கவிடுகிற வேலையெல்லாம் உயரமான பந்தல் உள்ளவர்களுக்கு. இந்த இனங்களில் விதை எடுப்பது தக்காளி மாதிரி சுலபம் இல்லை. பக்கத்தில் வேறு சுரை ரகம் இருந்தால் கலந்துவிடும், மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முன்பே நூலால் கட்டி வைத்து, மலர்ந்ததும் தடவி, மறுபடி கட்டி அடையாளம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கீரை

கடைக் கீரைக்கும் வீட்டுக் கீரைக்கும் உள்ள வித்தியாசம் வேறு எந்தக் காயிலும் இவ்வளவு தெரியாது, அதனால் முதல் பையே கீரைக்குத்தான் என்பேன். முளைக்கீரையும் சிறுகீரையும் இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கி முடிகிற கணக்கு, பிடுங்கியதும் மறுபடி விதைக்க வேண்டும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிறது, கோ 3 என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்ததும் அப்படிக் கிள்ளுகிறதற்கான ரகம்தான். வாரம் ஒருநாள் மட்டும் தோட்ட வேலை செய்ய முடிகிறவருக்கு அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற சென்னை மாதிரி இடங்களில் பாலக், பீட்ரூட், பசலை பக்கம் போங்கள், அவை உப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பீன்ஸ் சுத்தமாகப் பொறுக்காது. முருங்கையை மாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பி.கே.எம் 1 செடிமுருங்கை என்றாலும் பதினைந்து அடி போகிற மரம், காற்று பிடித்தால் பையோடு சாயும். கீரைக்கு மட்டும் என்று டிரம்மில் வைத்து நாலடியில் வெட்டிக்கொண்டே இருக்க முடிந்தால் வையுங்கள், காய்க்குத் தரையில் இடம் தேடுங்கள்.

மூலிகை, வாசனைச் செடிகள்

கறிவேப்பிலையில் செங்காம்பு. வேறு யோசனையே வேண்டாம். காம்பு சிவந்து, இலை சின்னதாக, கசக்கினால் கை முழுக்க மணக்கும். வேரிலிருந்து கிளம்பிய கன்றைவிட நர்சரியில் விதை போட்டு வளர்த்த கன்று பையில் நன்றாக நிற்கும். இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் புதராகும், கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக உயரும்.

கொத்தமல்லிக்கு ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம், பங்குனி வெயில் பட்டதுமே இலை சிறுத்துப் பூவுக்குப் போய்விடும். சமையலறை மல்லியையே தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்கலாம், ஆனால் மளிகை மல்லி எவ்வளவு நாள் பழையது என்று தெரியாது, முளைப்பு ஏனோதானோ என்று இருந்தால் விதைக்கென்று விற்கும் மல்லி வாங்குங்கள். கோடையில் மல்லி வாசனை வேண்டும் என்கிறவர்கள் ஆப்பிரிக்க மல்லி வைக்கலாம். நீள இலை, ஓரத்தில் மெல்லிய முள், நிழலில் நன்றாக வரும். மணம் கொத்தமல்லியைவிடக் கடுமையாக இருக்கும், பாதி அளவு போதும்.

புதினாவுக்கு விதை வாங்காதீர்கள், கடைக் கட்டில் தடித்த தண்டைப் பார்த்து நட்டால் பத்து நாளில் வேர் பிடித்துவிடும். ஓமவல்லி அதைவிடச் சுலபம். தூதுவளை வைத்தால் கொடி ஏற ஓரமான இடமாகப் பாருங்கள், முள் கொக்கி மாதிரிப் பிடிக்கும். இவற்றில் ரகம் பார்த்து அலைய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வலியுறுத்திச் சொல்வேன்: திருநீற்றுப்பச்சிலை ஒரு செடி எந்தத் தோட்டத்திலும் இருக்க வேண்டும். பூத்துவிட்டால் தேனீக்கள் அதை விட்டுப் போகாது, வந்த தேனீ பாகலுக்கும் வெள்ளரிக்கும் போகும்.

பூச்செடிகள்

மல்லிகைக் குடும்பத்தில் முடிவு எடுப்பது பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது, காரணம் நர்சரியில் எல்லாமே ஒரே மாதிரிப் பச்சைக் கன்றாக நிற்கும். குண்டுமல்லி புதர், மாசி பங்குனியில் தொடங்கிக் கோடை முழுக்கப் பூக்கும், முழு வெயில் கேட்கும். முல்லை கொடி மாதிரி நீளும், கோடை நடுவிலிருந்து ஐப்பசி வரை பூ. பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் சொல்வது ஆனி ஆடிக்கு மேல் கார்த்திகை வரை. மூன்றும் வைக்க இடம் இருந்தால் மாசியிலிருந்து கார்த்திகை வரை தலைக்கும் சாமிக்கும் பூ வாங்க வேண்டாம். ஒன்றுதான் முடியும் என்றால் பைக்கு ஏற்றது குண்டுமல்லி, ஏனென்றால் அது அடக்கமாக நிற்கும், பந்தலோ கம்பியோ கேட்காது.

ஆனால் குண்டுமல்லியின் பூ கவாத்தில்தான் இருக்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தத்தையும் வெட்டி, இலையை உருவி, உரம் வைக்க வேண்டும். பூத்துக் குலுங்கிய செடியை மொட்டையாக வெட்ட மனசு வராது. வெட்டாமல் விட்டால் இலைதான் மிஞ்சும், ஏனென்றால் மொட்டு வருவது புதுத் தளிரின் நுனியில். முல்லைக்கும் பிச்சிக்கும் இந்தக் கவாத்து ஜனவரி கடைசியில். தினமும் அதிகாலையில் மொட்டு பறிக்க முடியாதவர்கள், கவாத்துக்கெல்லாம் நாள் பார்க்க முடியாதவர்கள், நித்தியமல்லி வையுங்கள். மணம் குண்டுமல்லிக்குக் கொஞ்சம் கீழேதான், ஆனால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, அந்தப் பெயரைச் சொல்லி எல்லா ஊரிலும் கன்று விற்கிறார்கள். நல்ல கன்றுகள் பெரும்பாலும் ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்து நர்சரிகளிலிருந்து வருபவை, எங்கிருந்து வந்த கன்று என்று கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

ரோஜாவில் பன்னீர் ரோஜாவையும் ஓசூர், பெங்களூரு ஒட்டு ரோஜாக்களையும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு தேவைக்கு. ஒட்டு ரோஜா கண்ணுக்கு அழகு, ஒரு பூ செடியிலேயே பல நாள் நிற்கும், பலவற்றில் மணம் மட்டும் இருக்காது. ஒட்டுக்குக் கீழே தாய்ச்செடியிலிருந்து கிளம்புகிற தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் ஒரு வருடத்தில் காட்டு ரோஜாதான் மிஞ்சும். பன்னீர் ரோஜா குச்சி நட்டாலே வரும், கொத்தாகப் பூக்கும், இதழ் சாயங்காலத்துக்குள் உதிரும், ஆனால் மாடி ஏறும்போதே வாசனை வரும். குல்கந்துக்கும் அதுதான். நான் பன்னீர் ரோஜாப் பக்கம்.

கனகாம்பரத்தில் டெல்லி கனகாம்பரம் பூ பெரிது, நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் விதை பிடிக்காது, வேர் விட்ட குச்சியாகத்தான் வாங்க வேண்டும், நூற்புழுவுக்குச் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். நாட்டு ஆரஞ்சு கனகாம்பரம் விதையிலேயே வரும், காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து பக்கத்துப் பையெல்லாம் தானே முளைத்துக் கிடக்கும். அரை நிழலிலும் பூக்கிறது என்பதால் வெயில் குறைந்த பால்கனிக்காரர்களுக்கு முதல் பூச்செடியாக இதைச் சொல்லலாம். செண்டுமல்லியை அழகுக்காக மட்டும் வைக்காதீர்கள், தக்காளி, கத்தரி இருந்த பழைய மண்ணில் ஒரு பருவம் நெருக்கமாக நட்டு, பூ முடிந்ததும் அதே மண்ணில் மடக்கிப் போட்டால் நூற்புழு குறையும்.

வாங்கும்போது

பாக்கெட்டின் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்பி ரகத்தின் பெயர், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும், முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்ற நாலையும் பாருங்கள். வெறும் 'தக்காளி' என்று மட்டும் போட்டு ரகப் பெயர் இல்லாத பாக்கெட்டை நான் தொடுவதில்லை, அது செடியா கொடியா, விதை எடுக்கலாமா கூடாதா என்று எதுவுமே தெரியாமல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். இளஞ்சிவப்புச் சாயம் பூசின விதை பூஞ்சாண மருந்து கலந்தது, கையைக் கழுவுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விதைத் திருவிழாவில் பொட்டலமாகக் கிடைக்கிற நாட்டு விதைக்கு இந்தச் சீட்டு எதுவும் இருக்காது. அங்கே கொடுக்கிறவரிடமே எந்த மாதம் எடுத்த விதை, எந்தப் பட்டத்தில் போட்டீர்கள், பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா என்று கேளுங்கள். விதையைத் தானே வளர்த்து எடுத்தவர் மூன்றுக்கும் நின்று பதில் சொல்வார். வாங்கி வந்ததில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஏழெட்டாவது முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு நாற்றுத்தட்டை நிரப்புங்கள், ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கும்போதே இதைச் செய்தால் முளைக்காத விதைக்கு மாற்று வாங்க அவகாசம் கிடைக்கும்.